பெண்கள் பெஞ்சில் அமெரிக்காவும் சீனாவும்

திரைப்படச் சங்கம் ஒன்றிலிருந்து போன வாரம் இரண்டு பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். அமெரிக்கப் படங்களும் சீனப் படங்களுமாகச் சேர்த்து ஒரு வாரம் விழா நடத்தப் போகிறார்களாம். விழா மலருக்கு நான் எழுதித் தர வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார்கள்: இரு நாட்டுப் படங்களில் பெண்ணும் வேலையும் கல்யாணமும், ஓர் ஒப்பீடு.

"ஒப்பிடறதுக்கு நான் என்ன புரொபசரா? டாக்கீஸ்ல டிக்கெட் கிழிச்சவம்மா நான்" என்றேன்.

"அதுக்குத்தாங்க வந்தோம். யுத்த காலத்துலயே மயிலாப்பூர்ல ரெண்டு தேசத்துப் படத்துக்கும் நீங்க தமிழ்ல கதை சொன்னீங்களாமே?"

சொன்னேன்தான். அதை எதற்கு மறுக்க வேண்டும்? ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சினிமாவுக்கு அது செல்லாது. அமெரிக்கப் படங்கள் நான் கணக்கில்லாமல் பார்த்தேன். அந்த நாளில் நான் பார்த்த சீனப் படம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்று என் கல்யாணத்தின் குறுக்கே வந்து நின்றதால், எனக்கு அது நூறு படத்துக்குச் சமம்.

நான் வாத்தியாரம்மா ஆகியிருக்க வேண்டியவள். கன்னியாஸ்திரிகளிடம் படித்து, பயிற்சி முடித்து, வேலைக்கு உத்தரவும் வாங்கிவிட்டேன். அப்போது பார்த்து ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியானது. நான் சேர வேண்டிய பள்ளிக்கூடமும் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர்ப் பக்கம் போய்விட்டது. லஸ்ஸுக்கும் தெப்பக்குளத்துக்கும் நடுவே ஒரு டாக்கீஸ் இருந்தது. அங்கே பெண்கள் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாளும் பயந்து ஊருக்கு ஓடிவிட்டாள். அந்த இடத்துக்கு நான் போனேன். டாக்கீஸின் பெயர் இப்போது எதற்கு? அந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது.

பெண்கள் பகுதி என்றால் முதுகு சாய்க்கிற சில பெஞ்சுகள், இடுப்பளவு ஒரு குட்டைச் சுவர், அதன் மேல் கம்பியில் ஓடும் பச்சைத் திரை. விளக்கு அணையும்வரை திரை மூடியிருக்கும். அணைந்ததும் நான் இழுத்துவிட வேண்டும். ரீல் மாற்ற விளக்குப் போட்டால் மறுபடி மூட வேண்டும். படம் ஓட்டுகிற மிஷின் ஒன்றே ஒன்று என்பதால் ரீலுக்கு ரீல் விளக்கு எரியும். டிக்கெட் கிழிப்பதும், திரை இழுப்பதும், அழுகிற குழந்தையைத் தாயோடு வெளியே அனுப்புவதும்தான் என் வேலை.

மேனேஜர் கரீம் சாயபு. திருவல்லிக்கேணிக்காரர், வீட்டில் உருது, டாக்கீஸில் தமிழ். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு போட்டிருப்பார். பட்டப்பகலிலும் கையில் டார்ச் லைட் இருக்கும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் டார்ச்சைத் தரையில் அடித்து அடித்து அணைப்பார், அவ்வளவுதான். அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் ஆபரேட்டர்கூட நடுங்குவான்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு இங்கிலீஷ் படம் ஓடியது. கிழக்கு மாட வீதியிலிருந்து வருகிற கோமளம் மாமி என் புடவையை இழுத்து, "என்னடி சொல்றா அவ?" என்றாள். சொன்னேன். "அப்புறம்?" அப்புறமும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மொத்தப் பெஞ்சும் என் பக்கம் திரும்பிவிட்டது. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் போய்ப் புகார் செய்தார். ஷோ முடிந்ததும் சாயபு என்னைக் கூப்பிட்டார். டார்ச் அவர் கையில் இருந்தது. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"சொல்றதுதான் சொல்றே, ஒழுங்காச் சொல்லு" என்றார். "படத்துல வாய் அசையறப்போ உன் வாய் அசையக் கூடாது. அவங்க மூடினதும் நீ திற. கடைசியில என்ன ஆகுதுன்னு எவ கேட்டாலும் சொல்லாதே. சொன்னா எந்திரிச்சு அடுப்பைப் பார்க்கப் போயிடுவா. இன்னொண்ணு. படம் சொல்றதைச் சொல்லு. உனக்குப் பிடிச்சதைச் சொல்லணும்னா நீயே ஒரு படம் எடுத்துக்க."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு ஒத்திகை. காலி ஹாலில் படத்தை ஓட்டிப் பார்ப்பார்கள். நான் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே பார்ப்பேன். சாயபு பின்னால் உட்கார்ந்திருப்பார். தொண்டைக்கென்று பனங்கற்கண்டு தருவார். இங்கிலீஷ் பெயர்களைச் சொன்னால் பெஞ்சு குழம்பும் என்பதால் தொப்பிக்காரி, மீசைக்காரன், முதலாளி என்றே சொல்லுவேன். கதாநாயகி கதாநாயகனைக் கல்யாணம்வரை 'நீ' என்பாள், கல்யாணம் ஆனதும் 'நீங்க' என்பாள். அது என் ஏற்பாடு. சாயபு அதைக் கேட்டுச் சிரித்தார், ஆனால் தடுக்கவில்லை.

தொப்பிக்காரி என்றேனே, அந்தப் படத்தைச் சொல்கிறேன். பெரிய கடை ஒன்றில் தொப்பி விற்கிற பெண். படிப்படியாக உயர்ந்து கடையையே நடத்துகிற நிலைக்கு வந்துவிடுகிறாள். எதிரே ஆண்கள் எழுந்து நிற்கிறார்கள், இவள் உட்கார்ந்துகொண்டு உத்தரவு போடுகிறாள். பெஞ்சுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் கோமளம் மாமிக்கு ஒரு கவலை.

"அவளுக்கு அம்மா அப்பா இல்லையோ?"

"படத்துல காட்டல மாமி."

"ஒரு சித்தி, ஒரு மாமா, யாருமேவா இல்லை? பின்ன யாரைக் கேட்டுண்டு இவ கல்யாணம் பண்ணிக்கப் போறா?"

ஒரு பெரியம்மாவைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று சாயபுவைக் கேட்டேன். "படத்துல இல்லாத பெரியம்மாவுக்கு யாரு டிக்கெட் எடுக்கறது?" என்றார்.

படம் முடிகிற நேரம். காதலித்த மீசைக்காரன் மோதிரம் போட்டதும் தொப்பிக்காரி கடைச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். அடுத்த காட்சியில் கோயில் மணி அடிக்கிறது, அவள் கதவைத் திறந்துகொண்டு வருகிறாள். தலை முதல் கால்வரை வெள்ளை.

"ஐயோ, இன்னாம்மா இது! வெள்ளத் துணி கட்டிக்கினு வருது! மீசைக்காரன் பூட்டானா?" என்று அலறினாள் முனியம்மா. டாக்கீஸ் வாசலில் பூ விற்கிறவள். படம் ஆரம்பித்ததும் கூடையை என்னிடம் வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ள சாயபு அவளுக்கு அனுமதி தந்திருந்தார்.

"சிவ சிவா! இப்பத்தானேடி மோதிரம் போட்டான்!" என்றாள் மாமி. பின் பெஞ்சில் ஒருத்தி விசும்ப ஆரம்பித்தாள். அது பரவியது. ஆண்கள் பக்கத்தில் விசில் அடித்தார்கள். எனக்கு எதற்காக அழுகிறார்கள் என்றே முதலில் விளங்கவில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள்; என் அம்மா மாதா கோயிலில் வெள்ளைப் பட்டு கட்டித்தான் கல்யாணம் செய்துகொண்டாள். எங்கள் பங்குக் கோயிலில் அது சகஜம். ஒத்திகையில் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாயபுவுக்கும் தோன்றவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் படத்தில் எல்லோரும் அரிசியை அள்ளி வீசினார்கள்.

"இருங்கோடி, இருங்கோ! அட்சதைன்னா போடறா! கல்யாணம்தான்!" என்று மாமி எழுந்து நின்றாள். அழுத கண்ணோடு பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் முனியம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, கண்ணாலம் ஆயிடிச்சி. கடய இன்னா பண்ணிச்சி?"

"விட்டுட்டா."

"மீசைக்காரன் வேணாம்னானா?"

"இல்லை."

"கொயந்த கீதா?"

"அதெல்லாம் இல்லை."

"அப்பால இன்னாத்துக்கு உட்டுச்சி?"

"ஆம்படையான் கொண்டுவந்து போடறச்சே இவ எதுக்குடி தொப்பி விக்கணும்?" என்றாள் மாமி.

"ஆமா, அல்லாருக்கும் கொண்டாந்து போட்ற புருசன் கெடச்சிட்டாலும்!" என்று முனியம்மா கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை. அதற்குப் பிறகு வந்த அமெரிக்கப் படங்களில் எல்லாம் அந்தப் பதிலைத் தேடிப் பார்த்தேன். டைப் அடிக்கிறவள், பத்திரிகைக்கு எழுதுகிறவள், விமானத்தில் வேலை செய்கிறவள் எல்லாரும் கடைசி ரீலில் வேலையை விட்டார்கள். ஏன் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. முத்தம் கொடுத்ததும் விளக்குப் போட்டுவிடுவார்கள்.

இந்த நேரத்தில்தான் எனக்கும் வரன் வந்தது. பெயர் அமல்ராஜ், துறைமுக ஆபீஸில் கிளார்க். வீடு சாந்தோம். சனிக்கிழமை மாட்டினிக்கு வந்தால் குட்டைச் சுவரை ஒட்டிய நாற்காலியில்தான் உட்காருவார். அவருக்கு இங்கிலீஷ் நன்றாகவே தெரியும். அப்படியிருந்தும் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கிற தமிழுக்காக வந்திருக்கிறார். என் முகத்தைப் பார்க்கும் முன்பே என் குரல் அவருக்குத் தெரியும். இதை அவர் பிறகு சொன்னபோது, இனி வேறு வரன் பார்க்கிற பேச்சே கிடையாது என்று நான் மனதுக்குள் தீர்மானித்துவிட்டேன்.

எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் பூசையில் அறிவிப்பார். எங்களுக்கு இரண்டு ஓலை ஆகிவிட்டது. இரண்டாவது ஓலையன்று கோயில் முற்றத்தில் அவர் அம்மா சலேத்தம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டார். இளவயதில் கணவனை இழந்து, ஒற்றை மகனை வளர்த்து ஆளாக்கியவர். நான் டிக்கெட் மட்டும்தான் கிழிக்கிறேன் என்று அதுவரை நினைத்திருக்கிறார். கதை சொல்வதை யாரோ காதில் போட்டுவிட்டார்கள்.

"இருட்டுல நின்னு ஒரு பொண்ணு பேசறா, சுவத்துக்கு அந்தாண்ட ஆம்பளைங்களும்தானே கேக்கறாங்க? அப்படி வாயைத் திறந்து பொழைக்கறவ என் வீட்டுக்கு மருமகளா வர முடியாது. மூணாவது ஓலைக்குள்ள விட்டுடு. இல்லேன்னா சாமியார்கிட்ட நானே சொல்லி நிறுத்திடுவேன்."

உங்கள் மகனும் அப்படிக் கேட்டவர்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அமல்ராஜைக் கேட்டால், "எனக்கு அம்மாவும் வேணும், நீயும் வேணும் பிலோமி" என்று கையைப் பிசைந்தார். அந்த வாரம் முழுக்க நான் அழுதேன். எனக்கு அவரையும் பிடித்திருந்தது, அந்தப் பெஞ்சையும் பிடித்திருந்தது. தொப்பிக்காரி காரணமே இல்லாமல் விட்டாள். எனக்குக் காரணம் கையில் இருந்தும் விட முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமைதான் சீனப் படம். சீனாவில் யுத்தத்தில் அநாதையான குழந்தைகளுக்கு நிதி திரட்ட ஒரே ஒரு மாட்டினி ஷோ. எங்கள் பங்கின் மாதா சபைக்காரர்கள் பெண்கள் பகுதி டிக்கெட்டில் பெரும்பாலானதை வாங்கிவிட்டார்கள். கூட்டத்தோடு சலேத்தம்மாளும் வந்தார். வெள்ளைப் புடவை, கையில் செபமாலை. என்னை ஒரு முறை பார்த்தார். நான் நிற்கிற இடத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

படப்பெட்டி வெள்ளிக்கிழமை வர வேண்டியது. சனிக்கிழமை மதியம்தான் ரயிலில் வந்தது. சாயபு டார்ச்சை அடித்து அடித்து அணைத்தார்.

"ஒத்திகை இல்ல பிலோமினா. கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடுமாம், அதைப் படிச்சுச் சொல்லிடு."

"கதை எப்படிப் போகும்னே தெரியாதே சாயபு? வாய் அசையறப்போதானே எழுத்து வரும்? பேசக் கூடாதுன்னீங்களே?"

"அந்தச் சட்டம் இன்னிக்குத் தள்ளுபடி" என்று பனங்கற்கண்டை நீட்டினார். "படம் சொல்றதைச் சொல்லுன்னேனே, அது தள்ளுபடி இல்ல."

விளக்கு அணைந்தது. ஆற்றங்கரையில் ஒரு ஊர், பெரிய வீடு. சிவப்புத் துணியில் மணப்பெண் வந்து பெரியவர்கள் காலில் விழுகிறாள். "இதென்னடி, நம்மாத்துல நடக்கறாப்பலன்னா இருக்கு!" என்றாள் கோமளம் மாமி. மாமியார், நாத்தனார், ஓரகத்தி என்று வீடு நிறைய ஆட்கள். எவருக்கும் நான் உறவு சொல்லித் தரவே இல்லை; நடக்கிற நடையிலேயே யார் மாமியார் என்று பெஞ்சு கண்டுபிடித்துவிட்டது. அமெரிக்கப் படத்துக்கு நூறு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் இதற்குப் பத்துப் போதுமாக இருந்தது.

அவள் கணவன் யுத்தத்துக்குப் போகிறான். வீட்டில் அரிசி குறைகிறது. மருமகள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித் தரப் போகிறாள். தினமும் காலையில் முழங்காலிட்டு மாமியார் முன் தேநீர் வைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். வேலைக்குப் போன முதல் நாள், மாமியார் அந்தக் கோப்பையைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. சாயங்காலம் அவள் திரும்பி வரும்போது கோப்பை வைத்த இடத்தில் ஆறிப்போய் இருக்கும். கீழே எழுத்து எதுவும் ஓடவில்லை. பெஞ்சில் பெருமூச்சு மட்டும் கேட்டது.

பிறகு ஒரு காலையில் மாமியார் வாயைத் திறக்கிறாள். கீழே எழுத்து வந்தது. படித்தேன். ஊரார் முன் வாயைத் திறந்து பிழைக்கிறவள் இந்த வீட்டு மருமகள் இல்லை என்று இருந்தது. கோயில் முற்றத்தில் நான் கேட்ட அதே பேச்சு.

அந்தப் பெஞ்சுகளில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. 'சீக்கிரம் வீட்டுக்கு வந்துடு' என்று மாற்றிச் சொல்லியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. சலேத்தம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் குத்திக்காட்ட நானே இட்டுக்கட்டிச் சொன்னதாக நினைப்பாரே, நாளைய ஓலை போய்விடுமே என்று பயந்தேன். ஆனால் படத்தில் அந்தப் பெண் முழங்காலில் இருந்தாள். அவள் கேட்டுக்கொண்டதை நான் மறைத்தால், அவள் அழுவது எதற்கு என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்? உள்ளது உள்ளபடி சொன்னேன்.

"அடிப் பாவி! உன் வாயில மண்ணு உய!" என்று முனியம்மா திரையைப் பார்த்துக் கத்தினாள். "அந்தப் பொண்ணு சம்பாரிச்சுப் போட்ற சோத்தத்தானே துன்னுக்கினு கீறே!"

"நன்னாக் கேளு!" என்றாள் மாமி. மாதா சபைப் பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். சலேத்தம்மாளின் கையில் செபமாலை உருளுவது நின்றுவிட்டது.

கணவன் இறந்த செய்தி வருகிறது. அவள் வெள்ளை உடுத்தி வெளியே வருகிறாள். இந்த முறை ஒருத்தியும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. பெஞ்சு மொத்தமும் அழுதது. அதை நிறுத்த அட்சதை எதுவும் விழவில்லை. சலேத்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மாமியார் படுக்கையில் விழுகிறாள். மருமகள் ஊட்டுகிறாள், துடைக்கிறாள், பள்ளிக்கூடமும் போகிறாள். காலைத் தேநீர் மட்டும் அப்படியே இருக்கிறது. இதோ குடிக்கப் போகிறாள் என்று நான் நம்பினேன். 'குடிச்சுட்டா' என்ற சொல்லை வாயில் தயாராக வைத்திருந்தேன். அவள் குடிக்கவில்லை. செத்துப்போனாள். மறுநாள் காலை இறந்தவள் பெயர் எழுதிய பலகை முன் மருமகள் முழங்காலிட்டுத் தேநீரை வைத்தாள், குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். விளக்குப் போட்டார்கள்.

எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியேறினார்கள். சலேத்தம்மாள் எழுந்திருக்கவில்லை.

"கடைசிவரைக்கும் குடிக்கவே இல்லையா?"

"இல்லைங்க."

"நீ எதையாச்சும் விட்டுட்டியா? இல்ல, நீயா எதையாச்சும் சேர்த்தியா?"

"இல்லைங்க. படத்துல இருந்தது அவ்வளவுதான்."

"குடிச்சான்னு சொல்லியிருக்கலாமே. இத்தனை பேர் அழறாங்க."

"படம் சொல்லாததை நான் சொல்லக் கூடாதுங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் கோயிலில் என் கண் பீடத்தின் பக்கம் போகவே இல்லை. சாமியார் ஓலை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தினார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு இருமல். சலேத்தம்மாள்தான். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் மறுபடி ஒருமுறை இருமினார், தொண்டையைச் சரிசெய்தார், பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். மூன்றாவது ஓலை முடிந்தது.

வெள்ளைப் பட்டு உடுத்தித்தான் கல்யாணம் செய்துகொண்டேன். முனியம்மா கூடை நிறையப் பூ கொண்டுவந்தாள். நான் கோயில் வாசலில் இறங்கியதும், "கண்ணாலம்தான் மாமி, அய்வாதீங்க!" என்று கோமளம் மாமியைப் பார்த்துக் கூவினாள். கரீம் சாயபு டார்ச்சும் கையுமாக வந்து ஆசீர்வதித்தார்.

ஒப்பீடு கேட்டார்கள் அல்லவா? எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அமெரிக்கப் படத்துப் பெண்ணுக்கு வேலை இருந்தது, சொந்தக்காரர்கள் இல்லை. தடுக்க ஆளே இல்லாதபோதும் அவள் வேலையை விட்டாள். சீனப் படத்துப் பெண்ணுக்கு வீடு நிறையச் சொந்தம். அத்தனை பேர் தடுத்தும் அவள் விடவில்லை. அந்த வீட்டையும் விடவில்லை. இதில் யார் கொடுத்துவைத்தவள் என்று பெரியவர்கள் எழுதட்டும். நான் அதே டாக்கீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன். கதை கேட்கிற வழக்கம் போன பிறகு டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்தேன், அங்கேயே ஓய்வும் பெற்றேன். வேலைக்குப் போ என்று என் மாமியார் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஆனால் கல்யாணமாகி வந்த முதல் வெள்ளிக்கிழமை, விடிந்ததும் காபி போட்டு அவர் முன் வைத்தேன். முழங்காலிடவில்லை. அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெகு நேரம் தொடவில்லை. ஆவி அடங்கிக்கொண்டே வந்தது. எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

அவர் எடுத்து ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"சக்கரை பத்தல."

"ரேஷன்ல அவ்வளவுதான் வந்தது அத்தை."

"நாளைக்குக் கருப்பட்டி போடு" என்று மிச்சத்தையும் ஒரே மூச்சில் குடித்தார். "இன்னைக்கு ஓட்டிப் பாக்கற நாளுன்னு அமலு சொன்னான். நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? சாயபு காத்துக்கிட்டு இருக்க மாட்டாரா?"

காலி டம்ளரை என் எதிரிலேயே தரையில் கவிழ்த்துவைத்தார்.